பதினோரு அடி

பையை வெளியே வையுங்கள் என்றார்.
பேனாவையும்.
சட்டைப்பையில் துருத்திய ஸ்பானரைப் பார்த்து
கொஞ்சம் யோசித்தார்.
"அதுவும்தான்."
உள்ளே பென்சிலுக்கு மட்டும் அனுமதி.

வருகைப் பதிவேட்டில் எனக்கு மேலே யாரோ
சென்னையிலிருந்து வந்து
"காலனியாட்சியும் வன நிலமும்" என்று எழுதியிருந்தார்.
அவருக்கும் மேலே "மலைமொழிகளில் வினைச்சொல்".
ஆய்வுப் பொருள் என்ற கட்டத்தில்
நான் எழுதினேன்: குழாய்.

குன்னூர் நகராட்சி, குடிநீர்ப் பிரிவு,
ஃபிட்டர் பஞ்சலிங்கம்.
பெட்ஃபோர்டு தாண்டி ஏறும் வளைவில்
மூன்று வாரமாகச் சாலை கசிகிறது.
நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தோம்.
ஐந்தாவது குழிக்கு முன்னால் பேக்கரிக்காரர்
நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரோஜினி ஜோகி துணி ஒட்டிய வரைபடம் ஒன்றை
நுனி நுனியாக விரித்தார். 1936.
நீலக் கோடு ஊற்றுக்குழியில் புறப்பட்டு
மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு
சரியாக என் வளைவுக்கு வந்து
மடிப்புக்குள் நுழைந்து காணாமல் போனது.
தொண்ணூறு வருடம் மடித்து மடித்து
அந்த இடத்தில் மட்டும் காகிதமே இல்லை.
அந்தப் பக்கம் கோடு மறுபடி வெளியே வந்து
ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிப் போனது.

மூலையில் ஒரு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.
ஜன்னலிடுக்கில் நுழையும் மேகத்தைப் பிடித்து
அடியில் ஒரு வாளியில் சொட்டவிடுகிறது.
ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்றேன், தொழில் புத்தி.
"ஐப்பசியில் இரண்டு வாளி.
தண்ணீர்தான் இங்கே எதிரி."
என் பிரிவின் பெயரை நான் மறுபடி சொல்லவில்லை.

"புகார்க் கடிதங்களைப் பார்ப்போம்.
தோண்டியிருந்தால் யாராவது திட்டியிருப்பார்கள்."
இருபத்திரண்டு வருட சர்வீஸில்
இதைவிட உண்மையான வாக்கியம் நான் கேட்டதில்லை.

மூன்றாம் பெட்டியில் இருந்தது.
திருமதி ஹேவர்கில் என்று ஒருவர், ஊதா மை,
ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கோபம்.
சரோஜினி அதைக் குரல் உயர்த்தாமல்
தமிழில் சொல்லிக்கொண்டே போனார்:
என் வாசல் கதவிலிருந்து பதினோரு அடியில்,
கப்பலில் வந்த ரோஜாக்கள் நான்கு,
உங்கள் ஆட்கள், உங்கள் கடப்பாரை, உங்கள் குழாய்.

பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு துண்டுத் தாள்.
மாரன், அபராதம் இரண்டணா.
சடையன், இரண்டணா.
கூடைக்காரி ஒருத்தி, ஓரணா.

ஊற்றிலிருந்து இங்கே வரை இரண்டு மைல் பள்ளம்.
எதையும் முறிக்காமல் தோண்டியவர்கள்
பெயர் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.
பெட்டியின் அடிவரை தள்ளிப் பார்த்தார்.
பார்த்துவிட்டு நாடாவைக் கட்டினார்.

கதவு இப்போது இல்லை. கல்தூண் ஒன்று மிச்சம்,
அதில்தான் பேக்கரியின் போர்டு தொங்குகிறது.
அங்கிருந்து டேப் பிடித்தோம்.
பதினோரு அடியில் ஒன்றுமில்லை.
பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார்.
பதினான்கில் கடப்பாரை ணங்கென்றது.
மூன்றடி அந்த அம்மாளின் கோபம்
என்று வைத்துக்கொண்டேன்.

வார்ப்பிரும்பு. இணைப்பில் சணலும் ஈயமும்.
ஈயத்தைச் சுற்றி உளி தட்டிய தழும்புகள்,
எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து.
தட்டியவர் இடதுகைக்காரர்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போனேன்.
பென்சிலை அவரே தந்தார்.
மடிப்புத் தின்ற இடத்தை வரைந்தேன்:
தூணிலிருந்து பதினான்கு அடி, ஆழம் மூன்றே முக்கால்.
கீழே இடம் கிடந்தது.
தோண்டியவர்கள் என்று போட்டு எழுதினேன்:
பஞ்சலிங்கம், ஷாஜகான், அருக்காணி,
ராஞ்சிப் பக்கத்துப் பையன் சுக்ராம் முண்டா.
உடைந்தது: பேக்கரிப் படியில் ஒரு ஓடு.
அபராதம் என்றும் எழுதிவிட்டு
அழித்தேன்.

சரோஜினி ஜோகி தாளை வாங்கி
ரப்பர் தூளை ஊதிவிட்டு
மூலையைப் பார்த்தார். வாளி நிறைந்திருந்தது.
நான் தூக்கிக்கொண்டு போய்
வெளியே கொட்டிவிட்டு வந்தேன்.